வெயிலுகந்தம்மாளின் சன்னலில் இருந்த மண்

புரட்டாசி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை முற்பகலில், கோவில்பட்டி கடைத்தெருவில் நான் உளுந்து விதை வாங்கிக்கொண்டிருந்தபோது அச்செய்தி எனக்கு எட்டியது. கைப்பேசியில் அழைத்தவர் எங்கள் மகளிர் குழு உறுப்பினர் முத்தம்மாள்.

“யக்கா, வெயிலு மதினி போய்ட்டாவ. நெஞ்சு வலிக்குதுன்னாவ. ஆட்டோல ஏத்துனோம். நாலாட்டின்புதூரு தாண்டல.”

என் முகத்தைக் கண்ட விதைக்கடைக்காரர் காதர் பாய், சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே யார் என்று கேட்டார். சொன்னேன்.

“டிராக்டர் ஓட்டுத அம்மாவா?”

“ஆமாம்.”

அவர் முடிச்சை இறுக்கினார். பிறகு சாக்கை என் பக்கம் தள்ளிவைத்தார். “வெதைய எடுத்துட்டுப் போங்க. மழை யாருக்காவவும் நிக்காதுல்லா.”

நான் எடுத்துக்கொண்டேன். பேருந்தில் வரும் வழியெங்கும் மேகத்தைத்தான் பார்த்து வந்தேன் என்பதை இங்கு மறைக்க வேண்டியதில்லை. மறைந்தவரும் அதைத்தான் பார்த்திருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். வெயிலுகந்தம்மாள் அவர்கள் கடம்பூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். என் பெரியப்பா மகனின் மனைவி. ஆகையால் எனக்கு மதினி. இடைசெவலுக்குத் தெற்கே, மானாவாரிக் கரிசலை நம்பியிருக்கும் சிற்றூர் எங்களுடையது. அவருடைய கணவர் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, ஊராருக்கு உழுதும் விதைத்தும் கொடுத்துவந்தார். அவர் நோயில் மறைந்தபோது மகன் முருகன் பள்ளிப் படிப்பையே முடித்திருக்கவில்லை. வண்டியை விற்றுவிடும்படி உறவினர் அனைவரும் உரைத்தனர். மதினி விற்கவில்லை. தம் கொழுந்தனாரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு, அடுத்த பருவத்தில் தாமே இருக்கையில் ஏறி அமர்ந்தார். சேலைக்கு மேல் கணவருடைய முழுக்கைச் சட்டையை அணிந்துகொண்டு அவர் ஊர் நடுவே வண்டியை ஓட்டி வந்த முதல் நாளில், தேநீர்க் கடையிலிருந்தவர்கள் கோப்பையோடு எழுந்து தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

“ஏ மதினி, பிரேக்கு எதுன்னு தெரியுமா?”

“குறுக்க வந்து நில்லும், தெரிஞ்சிக்கிடலாம்.”

கரிசல் நிலத்தின் இயல்பு தெரிந்தால்தான் இனி நான் சொல்லப்போவது விளங்கும். கோடையில் அது வெடித்துக் கட்டி கட்டியாகக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் காலை விழுங்கும் சேறாகிவிடும். இரண்டுக்கும் இடையில், மண் பதமாக நிற்பது மிகச் சில நாள்களே. அந்நாள்களில் விதை விழுந்தால் ஓராண்டுச் சோறு; தவறினால் தரிசு. ஊரில் அனைவருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் தேவைப்படும். ஆகவே ‘உமக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு இன்னார்’ என்னும் முறைதான் இங்கு ஒரு குடும்பத்தின் ஆண்டைத் தீர்மானிக்கிறது. மற்ற டிராக்டர்க்காரர்கள் கேட்டவர் அனைவருக்கும் ‘வாரேன்’ என்பார்கள். பதம் வந்ததும் யார் முதலில் வழிமறிக்கிறாரோ அவருடைய காட்டில் இறங்குவார்கள்.

மதினி அந்த வழக்கத்தை ஏற்கவில்லை. தமக்கென்று ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். உழவு வேண்டுபவர் தம்முடைய காட்டிலிருந்து ஒரு மண்கட்டியைக் கொண்டுவர வேண்டும். அவர் வீட்டின் தெருப்பக்கச் சன்னலில், தாழ்வாரத்தின் நிழலில், சிமெண்டுப் பலகை ஒன்று உண்டு. அதன்மேல் அக்கட்டியைத் தம் கையாலேயே, முன்பு வந்தவருடைய கட்டிக்கு அடுத்து வைக்க வேண்டும். மதினி பார்த்துச் ‘சரி’ என்பார். அதற்குமேல் பேச்சில்லை. பதம் வந்ததும் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு புறப்படுவார். காட்டுக்காரரிடம் கட்டியைக் கொடுப்பார். அவர் அதை முதல் உழவுச் சால் தொடங்கும் இடத்தில் போட்ட பின்னரே கலப்பை இறங்கும்.

“இதென்ன மதினி சின்னப்புள்ள வெளையாட்டு? எழுதி வச்சா ஆவாதா?” என்று ஒருமுறை கேட்டேன். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டே, பழைய நாளிதழ்களைப் பார்த்துத் தானாக எழுதப் படிக்கக் கற்றவள் நான். எழுத்தின்மீது எனக்கு மதிப்பு அதிகம்.

“எழுதி வச்சா எழுதுனவ மட்டுந்தான் பாப்பா. இது போறவன் வாரவன் கண்ணுல எல்லாம் படும்லா. நான் மாத்தி வச்சா ஊரே கேக்கும்.”

வாக்குக் கொடுப்பதில் அவரைப் போன்ற கருமியை நான் கண்டதில்லை. திருமணத்துக்கு அழைக்க வருபவர்களிடம் குங்குமத்தை எடுத்துக்கொண்டு, “அன்னைக்கு எனக்கு ஏலாது தாயி, எதிர்பாக்காத” என்று முகத்துக்கு நேரே கூறிவிடுவார். வந்தவர்கள் வெற்றிலைத் தட்டோடு திகைத்து நிற்பார்கள். கண்டிப்பாக வருவதாகச் சொல்லிவிட்டு வராமலிருப்பதே எங்கள் பக்கத்து நாகரிகம். அதனால் பலருக்கு வருத்தம் இருந்தது. எனக்கும் இருந்தது. என் மகளின் சடங்குக்கும் அவர் அவ்வாறே சொன்னார். அவ்வாறே வரவும் இல்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் முருகன் கைப்பேசியில், “அடுத்த வாரம் வாரேம்மா” என்று தொடங்கினால், “வாரேன்னு சொல்லாதல. வந்துட்டுச் சொல்லு” என்று வெட்டிவிடுவார்.

அழகர்சாமி அண்ணாச்சியைப் பற்றி எழுதாமல் மதினியைப் பற்றி எழுத இயலாது. ஊருக்கு வடக்கே ஐந்து குறுக்கம் காடு வைத்திருப்பவர். எங்கள் பக்கத்தில் ஏக்கரைக் குறுக்கம் என்போம். சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்துக் காட்டுக்குப் போகும் வழியில் மதினியின் வண்டி அவருடைய வரப்பின் முனையைத் தட்டிவிட்டது. மதினி மறுநாளே மண்வெட்டியோடு சென்று அதைச் சரிசெய்தார். அண்ணாச்சிக்கு ஆறவில்லை. மதினி பேருந்துக்கு நிற்கும் நேரம் பார்த்துத் தேநீர்க் கடையில் உரக்கச் சொன்னார்.

“பொம்பள ஓட்டுத வண்டியும் பொம்பள குடுக்குத வாக்கும் என்னைக்குடே ஒரு கோட்டுல போயிருக்கு?”

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஆனால் அதற்கு முந்திய வாரமே அண்ணாச்சியின் மண்கட்டி சன்னலில் ஏறியிருந்தது. எடுத்துக்கொண்டு போக அவருக்கு வீம்பு விடவில்லை. எடுத்தெறிய மதினி நினைக்கவில்லை. அவருடைய கட்டிக்கு அடுத்து இருந்தது என்னுடையது.

அவ்வாண்டு மழை பெய்து, மண் பதத்துக்கு வந்தபோது தெற்கே மீண்டும் மேகம் கட்டியது. இன்னொரு மழை விழுந்தால் யாருடைய காட்டிலும் சக்கரம் இறங்காது. எனக்கு இருப்பது இரண்டு குறுக்கம். அரை நாள் வேலை. நான் மதினியிடம் சென்று, முறையை மாற்றிக் கொடுக்குமாறு கேட்டேன்.

“ஊரறிய ஒங்கள ஏசுன மனுசனுக்கு முன்வரிசையா? ஒங்க நாத்தனா நான் பின்வரிசையா?”

“ஏசுனது அவரு வாய். கெடக்குறது அவரு மண்ணு. மண்ணு என்ன செஞ்சிச்சு?”

“எனக்கு அந்த ரெண்டு குறுக்கம் மட்டும்தான் இருக்கு, மதினி.”

“தெரியும் பேச்சி.” சிறிது நேரம் வானத்தைப் பார்த்தார். “அவரு மண்ணு முன்னால இருக்கே.”

வண்டி அண்ணாச்சியின் காட்டில் இறங்கியது. வேடிக்கை பார்க்க அரை ஊர் கூடியிருந்தது. பேசாத இருவர் ஒரு காட்டில் எவ்வாறு வேலை செய்வார்கள் என்பதைக் காணும் ஆவல். மண்கட்டியை அவர் கையில் கொடுக்காமல், மதினி வரப்பில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அண்ணாச்சி அதை எடுத்துச் சாலில் போட்டுவிட்டு, டிராக்டரின் முகப்பைப் பார்த்துப் பேசினார்.

“ஏலே வண்டி, வடக்கு வரப்பு எளசா இருக்கு. பாத்துப் போகச் சொல்லு.”

மதினி ஸ்டியரிங்கைப் பார்த்து மறுமொழி கூறினார். “வரப்பு எங்கன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுதுன்னு சொல்லு.”

“வெதை ஆழமா விழுவுது. கொஞ்சம் தூக்கச் சொல்லு.”

“மேல போட்டா புறா தின்னுரும்னு சொல்லு.”

“ரெண்டு பேருக்கும் நடுவுல வண்டிக்குத்தாம்ப்பா காது வலிக்கும்” என்றார் கூட்டத்தில் ஒருவர். அனைவரும் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. அண்ணாச்சியின் காடு முடிந்து வண்டி வெளியேறும் மாலைப் பொழுதில் மழை பிடித்துக்கொண்டது. அடைமழை. என் காட்டில் மீண்டும் கால் வைக்க முடிந்தபோது உளுந்துக்குரிய விதைப்புப் பட்டம் கடந்துவிட்டது. அவ்வாண்டு என் நிலம் தரிசாகக் கிடந்தது. நான் மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன்.

மதினி என் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. நான் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் சொன்னேன். ஒரு சொல்லைக் காப்பதற்காக ஒரு குடும்பத்தின் சோற்றை விடுவது தர்மமாகாது என்றும், ஐந்து குறுக்கத்துக்காரருக்கு ஒரு நாள் பொறுக்க முடிந்திருக்கும் என்றும் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

“நீ சொல்லுததுல பொய்யில்ல பேச்சி. ஒனக்கு வந்த நட்டம் என்னாலதான். அத இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

“பெறவு ஏன் செஞ்சீங்க?”

“நீ எனக்கு வேண்டியவ. அவரு வேண்டாதவரு. வேண்டியவளுக்காவ வேண்டாதவன் முறைய ஒரு தடவ மாத்திட்டேன்னா, அதுக்குப் பெறவு அந்தச் சன்னல்ல இருக்கது வெறும் மண்ணுதான்.”

அதை நான் அன்று ஏற்கவில்லை. இன்றும் முழுமையாக ஏற்கவில்லை. இறந்தவரைப் புகழ்வதற்காக என் கருத்தை மாற்றி எழுதுவதை அவரே விரும்பமாட்டார்.

ஆயினும் ஒன்றைப் பதிவு செய்கிறேன். அவ்வாண்டு மற்றவர்களின் கட்டிகளெல்லாம் காடு திரும்பிவிட்ட பின்னரும் என்னுடையது சன்னலிலேயே இருந்தது. தை, மாசி, பங்குனி, சித்திரை என்று கடந்தும் இருந்தது. நான் அத்தெரு வழியாகப் போவதைத் தவிர்த்தேன். ஊராரோ, “பேச்சி மண்ணு இன்னும் சன்னல்லதான் இருக்கு” என்று தவறாமல் வந்து சொன்னார்கள். மதினி அதைத் துடைத்து வைப்பாராம். அடுத்த ஆண்டு, எவரும் கேட்பதற்கு முன்னரே, பதம் வந்த முதல் காலையில் டிராக்டர் என் வாசலில் நின்றது. மதினி இறங்காமலேயே கட்டியை நீட்டினார்.

“போன வருசத்துச் சொல்லு ஒண்ணு பாக்கி இருக்குல்லா. விதைய எடுத்துட்டு வா.”

அழகர்சாமி அண்ணாச்சிக்கும் அவருக்கும் பேச்சு கடைசிவரை மீளவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் அண்ணாச்சி வந்து, வரிசையில் தம் மண்கட்டியை வைத்துவிட்டுத் தெருவில் நிற்கும் வண்டியிடம் உரக்கச் சொல்லுவார்: “இந்த வருசமும் நம்ம காட்டுக்கு வரணும்.” உள்ளே இருந்து மதினியின் குரல் கேட்கும்: “வரும்னு சொல்லு.” அவ்வளவே. பிறகு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். வேறு எந்த டிராக்டரையும் அவர் தம் காட்டுக்குள் விட்டதில்லை.

இவ்வாண்டு மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பவர்களின் முறைகளை மதினி முடித்திருந்தார். ஈரத்தில் விதைக்கக் காத்திருந்தோர் மூவர். சன்னலில் மூன்று கட்டிகள் இருந்தன. முதலாவது அண்ணாச்சியுடையது. இரண்டாவது என்னுடையது. மூன்றாவது முத்தம்மாளுடையது. அந்நிலையில்தான் அவர் மறைந்தார்.

முருகன் வந்து கொள்ளி வைத்தார். சுடுகாட்டில் காடாற்றிய மறுநாளே மழை விழுந்தது. நான்கு நாள் கழித்து, மண்ணைக் குதிகாலால் அழுத்திப் பார்த்தால் ஒட்டாமல் உதிர்ந்தது. பதம். ஊரெங்கும் டிராக்டர் இரைச்சல். மதினியின் வண்டி மட்டும் வேப்பமரத்தடியில் நின்றது. பதினாறாம் நாள் காரியம் முடியாமல் சாவு வீட்டு வண்டியை இன்னொருவர் காட்டில் இறக்குவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை, தீட்டு என்பார்கள். பதினாறாம் நாள் வரை பதம் நிற்காது. கடம்பூர்ப் பக்கம் ஆள் அனுப்பிப் பார்த்தோம். எந்த வண்டியும் ஓய்வில் இல்லை.

நானும் முத்தம்மாளும் துக்க வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தோம். எங்கள் நிலையைப் பற்றி நாங்களாக வாய் திறக்க இயலாது. முருகன் மொட்டைத் தலையோடு சுவரில் சாய்ந்திருந்தார். அப்போது அண்ணாச்சி வந்தார். இழவுக்கு வந்தவர் போல வீட்டுக்குள் வரவில்லை. நேராகச் சன்னலருகே சென்று, இடப்பக்கத்துக் கட்டியைப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் டிராக்டரின் முன்னால் நின்றார்.

“ஏலே வண்டி. அடுத்தது நம்ம முறை. வரணும்.”

சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் எதற்காக நிற்கிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. ஆண்டுதோறும் வந்த பழக்கம்; உள்ளே இருந்து வரும் மறுமொழிக்காகக் காது கொடுத்து நின்றிருக்கிறார். முத்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்டிப்பான குரலில் குறுக்கிட்டார். “அழகரு, ஒமக்குப் புத்தி பெசகிருச்சா? சாவு வீட்டு வண்டி காட்டுல எறங்குனா வெளங்குமாவே?”

“வெளங்காட்டா எங் காடுதான வெளங்காமப் போவும்? ஒம்ம காட்டுல எறக்கச் சொன்னேனா?” அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பவும் இல்லை. “மொதல்ல என் காட்டுல ஓடட்டும். எனக்குக் கேடு ஒண்ணும் வரலைன்னா மத்த ரெண்டு பொம்பளைகளும் பயமில்லாம வெதைக்கட்டும்.”

அண்ணாச்சி மீண்டும் வண்டியைப் பார்த்தார். “வரணும்னேன்.”

முருகன் எழுந்தார்.

“வரும்னு சொல்லு.”

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எப்போதும் போவது போலப் போய்விட்டார். தெருமுனையில் அத்துண்டால் முகத்தில் அவர் துடைத்தது வியர்வையா என்பதை நான் உற்றுப் பார்க்கவில்லை.

முருகன் உள்ளே சென்று சாவியையும் தாயின் முழுக்கைச் சட்டையையும் எடுத்துவந்தார். தெற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்ததை நானும் கண்டேன், அவரும் கண்டார். என் அருகே வந்து தணிந்த குரலில் கேட்டார்.

“அத்தை, மேகம் கறுக்குது. ஒங்களுது ரெண்டு குறுக்கந்தான. அத மொதல்ல போட்டுருவமா? அண்ணாச்சி ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

சில ஆண்டுகளுக்கு முன் நான் மதினியிடம் கேட்டது இதைத்தான். அன்று நான் சொன்ன நியாயம் ஒன்றுகூடக் குறையாமல் இன்றும் இருந்தது. நிலமும் அதே இரண்டு குறுக்கம். விதை, காதர் பாய் கட்டிக்கொடுத்த சாக்கில் என் வீட்டு மூலையில் கிடந்தது.

“அவரு மண்ணு முன்னால இருக்கே, முருகா” என்றேன்.

இதை என் கருத்து மாறியதாக எவரும் கொள்ள வேண்டாம். அவ்வரிசை என்னுடையதன்று. அதை வைத்தவர் திரும்பி வந்து திருத்த முடியாத நிலையில், நான் திருத்துவது முறையாகாது என்று தோன்றியது. அவ்வளவே.

முருகன் முதற்கட்டியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அண்ணாச்சி அதைச் சாலில் போடுமுன் சிறிது நேரம் கையில் வைத்திருந்ததாக, பின்னர் முருகன் கூறினார். ஐந்து குறுக்கமும் முடியும் வரை மேகம் பெய்யாமல் நின்றது. மறுநாள் காலை என் காட்டுக்கு வண்டி வந்தது. என் கட்டியை நான் போட்டேன். முத்தம்மாளின் காட்டில் கடைசிச் சால் ஓடும்போது தூறல் விழுந்தது. விதை அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டது.

நாளை பதினாறாம் நாள். குழுவின் சார்பில் படிப்பதற்காக இதனை எழுதுகிறேன். இன்று காலை அவ்வீட்டுக்குச் சென்றிருந்தேன். சன்னல் பலகையில் ஒன்றும் இல்லை. கட்டிகள் இருந்த இடங்களில் மட்டும் கரிய தடம் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்திருக்கிறது. முருகனின் மனைவி ஈரத்துணியோடு வந்தவர், அதைக் கண்டு நின்று, துடைக்காமலேயே உள்ளே போய்விட்டார். வடக்கே அண்ணாச்சியின் காட்டில் உளுந்து இரண்டு இலை விட்டிருக்கிறது. என் காட்டிலும் முளை தெரிகிறது.

துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது என்பது நம் வழக்கம். நானும் அவ்வாறே திரும்பினேன். அங்கு சொல்லாததை இங்கு எழுதி முடிக்கிறேன்.

மதினி, சன்னல் ஒழிந்துவிட்டது. நீங்கள் சொன்ன இடங்களுக்கெல்லாம் வண்டி போய்விட்டது. இனி யாருக்காகவும் நீங்கள் வர வேண்டியதில்லை.